அத்தான் கடல் கடந்து இறக்கிய கார்

ஒரு மனிதன் தன் சொந்த வீட்டின் பின்வளவில், விறகுக் கொட்டிலுக்கும் பக்கத்து வீட்டு வேலிக்கும் நடுவில், தூறல் மழையில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தொலைபேசியில் இங்கிலீஷில் கதைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் என் அக்கா வீட்டுக் குசினி யன்னலுக்குப் பின்னால், திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கிப் பிடித்தபடி, மற்றக் கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று அந்தக் காட்சியைப் பார்த்தது நேற்றுப் போல இருக்கிறது. மழையில் நனைந்துகொண்டிருந்தவர் அத்தான், என் அக்காவின் கணவர். வீட்டுக்குள் சூடு இருந்தது, கூரை இருந்தது, வசதியான கதிரையும் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று ஊகிக்கப் பெரிய துப்பறியும் மூளை தேவையில்லை. என்னிடம் இருந்த அளவு மூளையே போதுமென்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

"பார், நல்லாப் பார்" என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து. "என்னோட ஒரு சொல் கதைக்காத மனிசன். அங்க நிண்டு எப்பிடிக் கதைக்குது பார்."

அக்காவின் குரல் அப்போது மெல்லியதாகிப் போயிருந்தது. அதற்கு முதல் வருடம் கழுத்தில் ஒரு ஒப்பரேசன் செய்தார்கள். கழலை போனது, அதோடு குரலிலும் பாதி போனது. முன்பெல்லாம் அக்கா குசினியில் நின்று கூப்பிட்டால் பக்கத்து வீட்டு டேனிஷ்காரரின் நாய் எழும்பி வரும். இப்போது கடதாசி உரசுகிற மாதிரி ஒரு சத்தம்தான். "தொண்டையை வருத்தாதேங்கோ, கத்திக் கதைத்தால் உள்ளதும் போய்விடும்" என்று டொக்டர் எச்சரித்திருந்தார்.

"ஒரு நாள் அவர் குளிக்கேக்க ரெலிபோன் அடிச்சது. எடுத்தனான். ஒரு பொம்பிளை. இங்கிலீஷ்காரி. நான் ஆரெண்டு கேட்க வைச்சிட்டாள்."

"ஏதும் விளம்பரமாய் இருக்கும், அக்கா."

"விளம்பரக்காரி வைப்பாளோடா? நாங்கள் வைச்சாலும் அவள் வைக்க மாட்டாள்."

விளம்பரக்காரிகளிடம் மாட்டிக்கொண்டு, தேவையில்லாத ஒரு வக்கியூம் கிளீனரை வாங்கி வைத்திருக்கிறவன் நான்.

அக்கா சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். கொப்பன்ஹேகன் பக்கம் ஹ்விடோவ்ரேயில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. "இஞ்ச வந்து எங்களோட இருங்கோ" என்று அவள் ஒரு அறையை ஒதுக்கி வைத்திருந்தாள். போவதா விடுவதா என்பதுதான் அக்காவின் கேள்வி. "அங்க ஒருத்தி இருக்கிறாள் எண்டால் மறைக்காமச் சொல்லு. நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளையட்டப் போயிடுவன். திரும்பி வரமாட்டன். இல்லையெண்டால் இருக்கிறன். எனக்கு உண்மை வேணும், அவ்வளவுதான்." நான் ஓம் என்றதும் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கழுவத் தொடங்கினாள். தேத்தண்ணீர் பாதிதான் குடித்திருந்தேன்.

இந்த இடத்தில் அத்தானைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சந்தேகப்படுவதற்காகவே பிறந்த மனிதர். டென்மார்க் அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிப்பார்கள், அது அவர்களுடைய பழக்கம். அத்தான் வெளியே வந்ததும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அவன் என்னத்துக்குச் சிரிச்சவன்?" என்பதாகத்தான் இருக்கும். வானிலை அறிக்கையில் வெயில் என்றால் குடையோடு போவார். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று போட்டிருந்தால், அந்த இரண்டாவதைக் கையில் எடுத்து, அதிலே என்ன குறை என்று கண்டுபிடிக்கும்வரை நகரமாட்டார். பங்கர் வெட்டி, சோதனைச்சாவடி கடந்து, அகதி முகாமில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வந்த தலைமுறை. அவர்களுக்குச் சந்தேகம் ஒரு நோயல்ல, சீவித்திருந்ததற்கான காரணம். நான் அவருக்குப் பிறகு வந்தவன். எனக்கு அந்தக் காரணமும் இல்லை. நான் சும்மா பொழுதுபோக்குக்காகச் சந்தேகப்படுகிறவன்.

அவரும் அக்காவும் கதைப்பதென்றால் காருக்குள்தான். அது இங்கே பல வீடுகளில் உள்ள வழக்கம். வீட்டில் ஒருவர் வேலையால் வர மற்றவர் போவார். இருவரும் சேர்ந்திருந்தால் ரிவி கதைக்கும், பிள்ளைகள் இருந்தால் டேனிஷில் கதைப்பார்கள். அத்தான் ஒரு தொழிற்சாலையில் பாரம் தூக்கும் ட்ரக் ஓட்டினார், அக்கா பக்கத்துப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில். காலையில் அவளை இறக்கி, பின்னேரம் ஏற்றிக்கொண்டு வருவார். போகிற வழியெல்லாம் வயல், காற்றாலை, பன்றிப் பண்ணை. பார்க்க ஒன்றும் இல்லாததால் கதைப்பார்கள். குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் அந்த வீதியில்தான் எடுக்கப்பட்டன. வீடு வாங்கியது, மகளைக் கொப்பன்ஹேகனுக்குப் படிக்க விட்டது, எனக்குப் பெண் பார்த்தது, நான் அதைக் கெடுத்தது என்று எல்லாமே.

ஒப்பரேசனுக்குப் பிறகு அது நின்றுபோனது. "நான் சொல்லுவன், ஆள் முன்னால பாத்துக்கொண்டிருக்கும்" என்றாள் அக்கா. "இஞ்சருங்கோ எண்டு கூப்பிட்டால் கூடத் திரும்பாது. எனக்கென்ன வில்லங்கம்? நானும் விட்டிட்டன்."

இந்த நிலைமையில்தான் அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி அறிவித்தார்: "இங்கிலாந்தில இருந்து ஒரு பழைய கார் இறக்கப் போறன்."

வாசலில் நல்ல கார் ஒன்று நின்றது. பதினைந்து வருடமாக நாங்கள் யாரும் அவர் தேவையில்லாத ஒரு கரண்டி வாங்கிக் கண்டதில்லை. மகள் தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு "ஹ்வோர்ஃபோர், ஃபார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஏனப்பா, ஏனப்பா என்று அர்த்தம். அத்தான் விளக்கம் வைத்திருந்தார். இந்த நாட்டில் வெளிநாட்டுக் காரை இறக்கினால் வரி உயிரை வாங்கும். ஆனால் வாகனம் குறிப்பிட்ட வயதைத் தாண்டி, பிறந்தபடியே திருத்தாமல் மாற்றாமல் இருந்தால், அதைப் பழம்பொருளாகக் கருதி வரியை இளக்குவார்கள். சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கலாம், விற்றால் நட்டமும் வராது. எல்லாம் சரியான கணக்கு. ஆனால் ஏன் இங்கிலாந்து? ஜெர்மனி பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே பழைய கார் இல்லையா? இங்கிலாந்துக் காரில் சுக்கான் வலப்பக்கத்தில் இருக்கும், இந்த நாட்டில் ஓட்டுவதற்கு இடைஞ்சல் அல்லவா?

"அதுதான் எனக்கு வேணும்" என்றார் அத்தான். அதற்குப் பிறகு சோற்றைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

செய்தி ஊருக்குள் பரவியது. தமிழ்க் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடம் குனிந்து, "உங்கட அத்தான் லண்டனில வீடு வாங்கீட்டாராம், மெய்யோ?" என்றார். இன்னொருவர், காரின் கதவுக்குள் நகை வைத்துக் கொண்டுவருவது இப்போது ஒரு தொழில் என்றார். மூன்றாமவர் கண்ணை மட்டும் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலில் அக்கா சொன்ன இங்கிலீஷ்காரி இருந்தாள்.

நான் விசாரணையில் இறங்கினேன். என் வேலை எஸ்பியர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு அவிப்பது. ஆனால் ஆள் தொடர்வதற்கு ஒரு தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் போதுமென்று நம்பியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அத்தானின் காரைச் சுப்பர் மார்க்கெட் தரிப்பிடம்வரை தொடர்ந்து போய், வண்டில்கள் அடுக்கி வைத்திருக்கும் கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மாரிகாலம், வெயில் மருந்துக்கும் இல்லை. கருப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒரே மனிதன் அந்த ஊரில் நான்தான். அத்தான் தொலைபேசியை முடித்துக்கொண்டு நேராகக் கூண்டடிக்கு வந்தார். "மச்சான், குளிருது. காருக்குள்ள ஏறு" என்றார். வீட்டில் இறக்கிவிட்டபோது இன்னொன்றும் சொன்னார்: "அடுத்த கிழமை நான் காரை எடுக்கப் போறன். நீயும் வா. எப்பிடியும் பின்னால வருவாய் தானே."

அக்கா இதைக் கேட்டு மகிழவில்லை. "உன்னையே கூட்டிக்கொண்டு போறாரெண்டால் அதில என்னவோ இருக்கு. உனக்கு வாயடைக்க ஏதாவது வாங்கித் தருவார். வாங்காதே." என்னைப் பற்றி என் உடன்பிறப்புக்கு இருந்த மதிப்பு அது. அதில் தவறு சொல்லவும் முடியாது.

முன்பு எஸ்பியர்க் துறைமுகத்திலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பல் போனது. அது நின்றுவிட்டது. நாங்கள் பில்லுண்டில் விமானம் ஏறி, பிறகு ரயில் பிடித்து, கிழக்குக் கரையோரம் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். வழி முழுவதும் நான் அத்தானின் வலப்பக்கம் இருந்து நயமாகக் கேள்விகள் கேட்டேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளிகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவள் இங்கிலீஷ்காரி. அக்கா சந்தேகித்த அதே ஆள். எண்பது வயது இருக்கும். ஊன்றுகோல், கம்பளிச் சட்டை, காலைச் சுற்றி இரண்டு நாய்கள். கணவர் இறந்துபோக, அவருடைய காரை விற்கிறாள். அன்றைக்குத் தொலைபேசியை ஏன் வைத்தாள் என்று நான் கேட்டேன். பெண் குரல் கேட்டதும் இலக்கம் மாறிவிட்டதாக்கும் என்று நினைத்தாளாம். அவளும் எங்களை நம்பவில்லை. காரை எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பேருடைய கடவுச்சீட்டும் மேசையில் இருக்கவேண்டும் என்றாள். தேத்தண்ணீர் தந்தாள், நாங்கள் குடித்து முடிக்கும்வரை கரண்டிகளைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தாள். அத்தானுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று. "நல்ல மனிசி. ஆரையும் நம்புறேல்லை" என்றார் என் காதுக்குள்.

கார் கொட்டிலுக்குள் நின்றது. கடும் பச்சை, நாலு கதவு, உள்ளே மரப்பலகை பதித்த முகப்பு, டீசல் எஞ்சின். கொம்பனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, அவர்கள் எனக்கு ஒன்றும் தரவில்லை. பிறந்தபடியே திருத்தாமல் மாற்றாமல் இருந்தது. முன்பற்கள் இரண்டை மாற்றியவனான எனக்கு அந்தத் தகுதி கிடையாது.

இனித்தான் வேடிக்கை. இலவச பிஸ்கட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் அத்தான், எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. கறள் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. டயரை உதைக்கவில்லை. வலப்பக்கக் கதவைத் திறந்து சுக்கானுக்குப் பின்னால் போய் இருந்தார். என்னை இடப்பக்கத்து இருக்கையில் இருக்கச் சொன்னார். கதவுகளைச் சாத்தச் சொன்னார்.

"இப்ப கதை" என்றார்.

"என்னத்தைக் கதைக்க?"

"எதையாவது கதை. ஆனா மெல்லமா. அக்கா இப்ப கதைக்கிற மாதிரிக் கதை."

எனக்குப் பயம் பிடித்தது. வெளியே கிழவி ஊன்றுகோலோடு நிற்கிறாள், உள்ளே அத்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். நான் குரலைத் தாழ்த்தி, வாயில் வந்ததைச் சொன்னேன்: "இஞ்சருங்கோ, வரேக்க கறிவேப்பிலை வாங்கோணும். உங்கட மச்சான்காரன் நேற்றும் வந்து சாப்பிட்டிட்டுப் போட்டான். அவனுக்கு வேற வேலை இல்லை."

அத்தான் கண்ணைத் திறக்கவில்லை. முகம் மட்டும் மாறியது. நான் அதுவரை அவர் முகத்தில் சந்தேகம் இல்லாத ஒரு இடத்தைக் கண்டதில்லை. அன்றைக்குக் கண்டேன்.

"கேக்குது" என்றார். "எல்லாம் கேக்குது, மச்சான்."

பிறகு அவராகவே சொன்னார், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. சின்ன வயதில் சீழ் வடிந்த வலக்காது. பிறகு தொழிற்சாலைச் சத்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. டென்மார்க்கில் ஓட்டுபவர் இடப்பக்கம், அக்கா இருப்பது வலப்பக்கம், செத்துப்போன காதின் பக்கம். அவளுடைய பழைய குரல் இருந்த காலத்தில் அது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை, அந்தக் குரல் மண்டையைச் சுற்றி வந்து மற்றக் காதுக்குள் போகும். ஒப்பரேசனுக்குப் பிறகு, பக்கத்தில் இருப்பவள் கதைக்கிறாளா கோபத்தில் பேசாமல் இருக்கிறாளா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. ஓட்டும்போது திரும்பி உதட்டைப் பார்க்கவும் முடியாது. ரயிலில் நான் கேட்ட நயமான கேள்விகளும் அந்தச் செத்த காதுக்குத்தான் போயிருக்கின்றன. பின்வளவில் மழைக்குள் நின்றதும் ரகசியத்துக்கு அல்ல. வீட்டுக்குள் ரிவிச் சத்தத்தில் ஒற்றைக் காதால் இங்கிலீஷ் பிடிபடாது.

"அத்தான், நான் வேலை செய்யிற இடத்தில எல்லாருக்கும் காதுக்கருவி இருக்கு. இஞ்ச அது சும்மா குடுக்கிறாங்கள். நான் சூப்புக் கோப்பைக்குள்ள இருந்தெல்லாம் எடுத்துக் குடுத்திருக்கிறன்."

"சும்மா ஏன் குடுக்கிறாங்கள்?" என்றார் உடனே. பழைய அத்தான் திரும்பிவிட்டார். "பதிஞ்சு வைப்பாங்கள். பிறகு பக்டரிக்குத் தெரியவரும். ட்ரக்கில இருந்து இறக்கிப் போடுவாங்கள்."

"அப்ப அக்காவுக்காவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் கத்திக் கதைப்பாள்" என்றார். "கத்தினால் உள்ள குரலும் போயிடும் எண்டு டொக்டர் சொன்னது உனக்குத் தெரியாதோ?"

பொத்தான் அளவில் காதுக்குள் வைக்கிற ஒரு சாமானுக்குப் பயந்து, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தொன்னுக்கு மேல் இரும்பை இறக்கப் புறப்பட்ட மனிதருக்குப் பக்கத்தில், அவர் மனைவியின் இருக்கையில், வேவு பார்க்க வந்த நான் இருந்தேன். "அக்காவுக்குச் சொல்லாதே. நானே சொல்லுவன்" என்றார். ஓம் என்றேன்.

கிழவி கடவுச்சீட்டுகளைத் தந்தாள். அத்தான் திறப்பைத் திருகினார். இருமல், குலுக்கல், பிறகு ஒரு முழக்கம். நாய்கள் இரண்டும் வீட்டுக்குள் ஓடின. நாங்கள் கத்திக் கதைத்துக்கொண்டே கப்பலடிக்கு வந்தோம், ஹொலண்டில் இறங்கினோம், ஜெர்மனியைக் குறுக்காகக் கடந்தோம். ஆண்கள் இரண்டு பேர் காரில் போனால் கத்திக் கதைப்பது எங்கள் ஆட்களுக்கு இயல்பு. அதனால் அதில் மட்டும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

டென்மார்க் எல்லையில் மறித்தார்கள். பழைய பச்சைக் கார், தற்காலிக இலக்கத்தகடு, உள்ளே இரண்டு தமிழர். நானாக இருந்தாலும் மறித்திருப்பேன். அதிகாரி பழக்கதோஷத்தில் இடப்பக்க யன்னலுக்கு வந்து என்னிடம் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டார். எனக்கு முன்னால் சுக்கானே இல்லை என்பதைக் காட்ட இரண்டு கையையும் உயர்த்தினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். கையை உயர்த்தியது நல்ல யோசனை அல்ல என்று அதற்குப் பிறகுதான் விளங்கியது. டிக்கியைத் திறந்து, கிழவி தந்த பிஸ்கட் பேணியைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் சிரித்துக்கொண்டே போகவிட்டார். ஒரு கிலோமீற்றர் தள்ளி அத்தான் கத்தினார்: "அவன் என்னத்துக்குச் சிரிச்சவன்?"

பிராண்டே வந்தபோது அக்கா வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் நடைபாதையில் சூட்கேஸ். கட்டி முடிந்து, பூட்டும் போட்டிருந்தது. அத்தான் காரை ஒழுங்காக நிறுத்துவதற்கு முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருக்க, அக்கா என்னை மதிலோரம் இழுத்தாள்.

"சொல்லு. இருக்கிறாளோ?"

"இருக்கிறாள். எண்பது வயசு. ரெண்டு நாய்."

"பகிடி விடாதே. நான் விளையாடேல்லை."

அவள் விளையாடவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. சட்டைப் பைக்குள் ரயில் ரிக்கற் துருத்திக்கொண்டிருந்தது. நான் அத்தானுக்கு ஓம் என்றிருந்தேன், அக்காவுக்கும் ஓம் என்றிருந்தேன். பகிடிக்காரனின் வாழ்க்கையில் இப்படி ஒரு நேரம் வரும், எந்தப் பகிடியும் கைகொடுக்காது. "அக்கா, ஒருத்தியும் இல்லை. உன்ர பேரப்பிள்ளை மேல சத்தியம். மிச்சத்தை அவர் சொல்லோணும். காருக்குள்ள ஏறி ஒரு சுற்றுப் போட்டு வா. வந்து, போறதெண்டால் போ. நானே ஸ்ரேசனில கொண்டுபோய் விடுறன்."

"என்ன வாங்கித் தந்தவர் உனக்கு?"

"பிஸ்கட்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்ப் பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தாள், அங்கே அத்தான் இருந்தார். சாத்திவிட்டு, காரைச் சுற்றி நடந்து இடப்பக்கம் வந்து ஏறினாள். கார் உடனே புறப்படவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. அக்கா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டி அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். எங்கள் குடும்பத்தில் இதைவிடப் பெரிய காதல் காட்சியை நான் கண்டதில்லை. அதன் பிறகுதான் முழக்கம் கேட்டது, கார் போனது. இருட்டும்வரை வரவில்லை. நான் சூட்கேஸுக்குப் பக்கத்தில் இருந்து பிஸ்கட் முழுவதையும் தின்று முடித்தேன். வந்ததும் அக்கா சூட்கேஸைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். என்னை இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பிராண்டேயில் அந்தப் பச்சைக் கார் ஒரு காட்சியாகிவிட்டது. முன் விளக்குகளை இந்த நாட்டு வீதிக்கு ஏற்றபடி மாற்றினார்கள், பரிசோதகர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், புது இலக்கத்தகடு வந்தது. காலையும் பின்னேரமும் இருவரும் அதில் போனார்கள். சந்தியில் காத்து நிற்கும் டேனிஷ்காரர்கள், சுக்கான் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தமிழ்ப் பெண் சுக்கானே இல்லாமல் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டு வருவதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். மறுபக்கம் அத்தான், தலையைச் சற்று இடப்பக்கம் சரித்தபடி, "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். தமிழ்க் கடையில் நகைக்கதை மெல்ல அடங்கியது. ட்ரக் வேலைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. காதுக்கருவி பற்றி நான் வருடத்துக்கு ஒருமுறை எடுப்பேன். "சும்மா ஏன் குடுக்கிறாங்கள்?" என்ற கேள்விக்கு மட்டும் என்னால் கடைசிவரை பதில் சொல்ல முடியவில்லை.

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், தன் இருதயத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. போன வசந்தத்தில், பின்வளவில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது அது நின்றுவிட்டது.

கார் இப்போது என்னிடம். ஓட்டாமல் விட்டால் பழுதாகிவிடும் என்று அக்கா சொல்லிவிட்டாள், அவளுக்கு ஓட்டத் தெரியாது. போன கிழமை பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது தானும் வருகிறேன் என்று இடப்பக்கத்து இருக்கையில் ஏறினாள். வீதிக்கு வந்ததும் கதைக்கத் தொடங்கினாள். கை ஆடியது, வாய் அசைந்தது, இடையிடையே சிரித்தாள். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு காதும் நன்றாக இருக்கிற எனக்கு, ஒரு சொல்கூட. டீசல் முழக்கம் மட்டும்தான். கொட்டிலுக்குள் எஞ்சினைத் தொடக்காமல் அல்லவா அன்றைக்குச் சோதித்தோம் என்று அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வயலோரம் இருந்த ஒரு தரிப்பிடத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன்.

"அக்கா, நீ கதைக்கிறது கேக்குதில்லை."

"தெரியும். ஆருக்குத்தான் கேட்டது?"

"அத்தானுக்கு?"

"எங்க கேட்டது! முதல் கிழமையே பிடிச்சிட்டன். வீட்டில நெருப்புப் பிடிச்சிட்டுது எண்டு சொல்லிப் பாத்தன். ‘ஓம், ஓம், நல்லது’ எண்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. "அப்ப இவ்வளவு காலமும் ஏன் கதைச்சுக்கொண்டு போனனி?"

வெளியே காற்றாலைகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் கடதாசிக் குரல் இப்போது காருக்குள் தெளிவாகக் கேட்டது.

"தலையை இஞ்சால சரிச்சுக்கொண்டு எல்லோ இருந்தவர். ஓட்டுறது அங்க, காது இஞ்ச. அப்பிடியே சரிச்சுச் சரிச்சுக் கழுத்து நிரந்தரமாய் ஒரு பக்கம் போச்சு. சவப்பெட்டிக்குள்ள கிடத்தேக்க, பெட்டி கொண்டுவந்த டேனிஷ்காரப் பொடியன் தலையை நேராக்கப் பாத்தவன்." அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் தான் விடேல்லை."